சூளைக்குப் போன எம்பளம்

குடும்ப குரூப்பில் நேற்று காலை வந்த படத்துக்கு எல்லோரும் வரிசையாகக் கை கூப்பினீர்களே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெரியப்பா மகன், நம் பெரியண்ணன் போட்ட படம். எங்கேயோ பழைய கார்களை நிறுத்தி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் நம் வீட்டுக் கார். கீழே பெரியண்ணன் எழுதியிருந்தது: ‘அப்பா பொத்திப் பொத்திப் பாதுகாத்த பொக்கிஷம். மூக்கில் இருக்கும் எம்பளத்தைப் பாருங்கள், இன்றைக்கும் ஒரிஜினல்.’ அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டீர்கள். ‘பெரியப்பாவின் ரசனை யாருக்கு வரும்’ என்று ஒருத்தி. ‘அந்தக் காலத்து மனுஷன்’ என்று ஒருத்தன். ரசனையாம் ரசனை!

எல்லோரும் தலைக்கு டை அடிக்கிற வயசுக்கு வந்தாச்சு. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. பெரியப்பா பேரைக் கேட்டதும் எழுந்து நிற்கிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வருஷம் ஆடி மாசம் நீங்கள் யாரும் விருத்தாசலத்தில் இல்லை. சில பேர் ஹாஸ்டல், சில பேர் அவரவர் அப்பா வேலை பார்த்த ஊர். அந்த வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்தான். ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு கை கூப்பலாம்.

பெரியப்பாவை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஊருக்குள் செல்போன் தலைகாட்ட ஆரம்பித்த நேரம். பையில் வைத்தால் யாருக்கும் தெரியாது என்று அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பார். பீங்கான் தொழிற்பேட்டையில் நம் கம்பெனி செய்ததோ ஃபியூஸ் கட்டையும், பொருட்காட்சியில் விற்கிற நாய் பொம்மையும். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘பீங்கான் கலை நிபுணர்’ என்று போட்டுக்கொண்டார். ஒரு பொம்மைக்குக் கண் எழுதச் சொன்னால் அவருக்குக் கை நடுங்கும்.

கண் எழுதியது அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக்கொடுத்து, அங்கே ஒத்துவராமல் திரும்பி வந்தவர். காலையில் ஷெட்டுக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் நாய்க்குக் கண், கிளிக்கு மூக்கு, புத்தருக்கு உதடு. சம்பளம் கிடையாது. ‘வூட்டுப் பொண்ணுக்குக் கூலியா? ஊரு சிரிக்காது?’ என்பார் பெரியப்பா. ஊர் எதற்குச் சிரிக்கும் என்பது அவருக்கு எப்போதும் தெரியும், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறபோது மட்டும் தெரியாது.

இனி கார். அதன் கம்பெனிப் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் ஒரு புத்திசாலி நாளைக்கே போய் அதன் மூக்கைத் தட்டிப் பார்ப்பான். வெள்ளைக்காரன் செய்த பெரிய கார், கருநீலம். பெண்ணாடத்துப் பக்கம் ஒரு முதலாளி வீட்டு வாசலில் நின்றதைத் தாத்தா வாங்கி வந்தாராம். சொத்தைப் பிரிக்கும்போது வீடும் கம்பெனியும் பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டு, ஓடாத காரை மகளுக்கு எழுதினார். அதைப் பெரிய நியாயம் என்று வேறு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கார் பின்கட்டு ஷெட்டில் சாக்குப் போர்வைக்குள் நின்றது. கதவைத் திறந்தால் பழைய தோல் வாசமும் எலிப்புழுக்கை நாற்றமும் சேர்ந்து வரும். உள்ளே பலகை எல்லாம் மரம், தேக்கை விடக் கறுத்த மரம். கதவு நெடுக வெள்ளியாக ஒரு பட்டை ஓடும், பீடிங் என்பார்கள். மூக்கில் எம்பளம். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேடயம், பித்தளையில் செய்து மேலே நீலக் கண்ணாடி பூசியது. அந்த நீலம் மயில் கழுத்தில் வெயில் படும்போது வருமே, அந்த நீலம். நடுவில் ஒரு கோட்டை, அதன் கீழ் இரண்டு அலைக்கோடு. இடது மூலையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் அதை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்ப்பேன்.

ஆனி மாசக் கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து ஒருத்தர் வந்தார். பழைய கார்களை வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் வெள்ளைத் துணி உறை. வீட்டுக்குள் வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, நேரே காருக்கடியில் படுத்துவிட்டார். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஸ்குரூவாகப் பார்த்தார். அத்தை பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வந்தபோது, ‘கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காதீங்கம்மா’ என்றார். கார் அத்தையுடையது என்று தெரிந்த பிறகுதான் முகத்தையே பார்த்தார். பவிசைப் பாருங்கள்!

“எல்லாமே ஒரிஜினல்” என்றார் எழுந்து. “பீடிங், மரம், எம்பளம், எதையும் யாரும் தொடல. நாப்பது அம்பது வருஷமா யாரும் தொடாத கார் எனக்குக் கிடைச்சதே இல்ல.”

யாரும் தொடாததற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, அலட்சியம். அது பெண்ணுக்கு விட்ட பங்கு, அதற்கு ஒரு துளி கிரீஸ் வாங்க எவருக்கும் மனசு வரவில்லை. பெரியண்ணன் எழுதியிருக்கிறானே, பொத்திப் பொத்திப் பாதுகாத்ததாக. அந்த லட்சணம் இதுதான்.

பாண்டிக்காரர் நல்ல விலை சொன்னார். ஒரு மாசத்தில் லாரியோடு வருகிறேன் என்றார். கிளம்பும்போது விரலை ஆட்டிச் சொன்னார்: “அது வரைக்கும் எதையும் மாத்தாதீங்க. துடைக்கக்கூட வேணாம். முக்கியமா எம்பளம். அது போச்சுன்னா எனக்கு இந்தக் காரே வேணாம். அந்த மூலையில ஒரு சில்லு பேந்திருக்குதே, அதுதான் இதுக்கு சாட்சி.”

அன்றைக்கு ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. சந்தோஷத்தில். தொழிற்பேட்டைக் கடைசியில் ஒரு சின்ன ஷெட் பூட்டிக் கிடந்தது, கூடவே ஒரு குட்டிச் சூளையும். அதை நடத்தியவர் மகனோடு திருப்பூருக்குப் போகிறார். ஆவணி பிறப்பதற்குள் சொன்னால் அத்தைக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அத்தை என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, “என் சூளைடி. என் இஷ்டத்துக்குக் கண்ணு எழுதுவேன். ஒருத்தன் வந்து, ஏன் டீ லேட்டுன்னு கேக்க முடியாது” என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இங்கேதான் பெரியப்பாவுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அதுவரை கார் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. வெளியூர்க்காரன் விலை சொன்னதும், குடும்பத்துக்குத் தலைவன் யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. அத்தை தன் பாத்திரபண்டங்களைத் திருப்பிக் கேட்க கருவேப்பிலங்குறிச்சிக்குப் போன வாரம் அவருக்குத் தோதாக அமைந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று மாமனார் வீட்டில் அத்தையை இழுத்தடித்தார்கள். இங்கே பெரியப்பா வேலையை ஆரம்பித்தார்.

“பொண்ணு பாக்க வரும்போது பொண்ண அழுக்குப் புடவையோட நிறுத்துவமா?” இதுதான் அவர் சொன்ன நியாயம். அப்பா வாயைத் திறந்து, “வந்தவரு எதையும் தொடவேணாம்னு சொன்னாரே” என்றார். “அது வெலைய கொறைக்கறதுக்கு அவன் போடற தந்திரம்டா” என்றார் பெரியப்பா. அப்பா உடனே, “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். என் அப்பாவைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து ஆள் வந்தான். கதவிலிருந்த பழைய பீடிங்கைப் பிய்த்துவிட்டுப் பளபளவென்று புதுப் பட்டை அடித்தான். உள்ளே மரப்பலகையைக் கழற்றிவிட்டு மார்பிள் டிசைன் போட்ட பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினான். மூக்கின் மேல் ரெக்கை விரித்த ஒரு கழுகு. அது லாரிக்கு வைக்கிற கழுகு, கண்ணில் சிவப்புக் கல் வேறு. கழற்றியதை எல்லாம் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போனார். பெரியப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இப்பதான் கார் மாதிரி இருக்குது” என்றார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜோடித்த ஜட்கா மாதிரி இருந்தது.

எம்பளம்தான் அவர் கண்ணை உறுத்தியது. சில்லு பெயர்ந்த எம்பளம். “சொத்தைப் பல்லு மாதிரி இருக்குதே” என்றார். கழற்றிக் கொண்டுபோய் முதலில் நம் அச்சுக்காரரிடம் கொடுத்து பிளாஸ்டரில் அச்சு எடுக்கச் சொன்னார். அந்த அச்சில் மண்கூழ் ஊற்றி நாலைந்து எம்பளம் வார்த்தார்கள். ஒன்று வீட்டு கேட்டுக்கு, ஒன்று கம்பெனி கேட்டுக்கு, ஒன்று அவர் ஸ்கூட்டருக்கு. அல்பம், அல்பம்! அதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிறகு அந்த ஒரிஜினலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மேல இருக்கறது கிளேஸ், கண்ணாடிப் பூச்சுதானே? ஓட்டைல கொஞ்சம் நீலத்தப் பூசி ஒரு தரம் சூளையில வுட்டா கண்ணாடி மாதிரி வந்துடும். நம்மகிட்ட இல்லாத கிளேஸா?”

அச்சுக்காரர் தலையைச் சொறிந்தார். “உள்ள பித்தளைங்களே.”

“அட, ஏற்கெனவே சூளை பாத்த சாமான்யா இது! நெருப்பு பாக்காமலா அந்த நீலம் வந்துச்சு? ஒரு தரம் வெந்தது மறுபடியும் வெந்தா என்னா ஆவப்போவுது?”

வேறு ஊரில் வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்திருப்பானா, சொல்லுங்கள்? பெயிண்ட் அடித்துக் கெடுத்திருப்பான், பாலீஷ் போட்டுத் தேய்த்திருப்பான். சூளையில் வைக்கவேண்டும் என்று தோன்றுவதற்கு நம் ஊரில், அதுவும் நம் வீட்டில் பிறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சூளை. எம்பளம் ஃபியூஸ் கட்டைகளோடும் அந்த மண் எம்பளங்களோடும் சேர்ந்து உள்ளே போனது. வாயைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்தார்கள். பர்னரைப் பற்றவைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அத்தை வந்தார். பாத்திரம் ஒன்றும் கொடுக்காமல் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, முகம்கூடக் கழுவாமல் பின்கட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். காரைப் பார்த்ததும் அவர் பை கீழே விழுந்தது. கழுகைத் தொட்டார். மூக்கில் எம்பளம் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது, அதில் விரலை வைத்தார். “எங்கடி?” என்றார். நான் சொன்னேன்.

தொழிற்பேட்டைக்கு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. சூளை முழு மூச்சில் இரைந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ண்ணா, சூளைய நிறுத்து.”

“வந்ததும் வராததுமா என்னா இது? வூட்டுக்குப் போ.”

“இப்ப நிறுத்துனாக்கூட தப்பிக்கும் ண்ணா. அது பித்தளை. இந்தச் சூட்டுக்குத் தண்ணியா ஓடிடும். நிறுத்து ண்ணா, உன் கால்ல வுழறேன்.”

“உள்ள ஒரு லோடு ஃபியூஸ் கட்டை வேவுது. நடுவுல நிறுத்தினா எல்லாம் வெடிச்சிப்போவும். ஒரு வில்லைக்காக ஒரு லோடு மாலைப் பாழாக்கச் சொல்றியா? புத்தி இருக்குதா உனக்கு?”

“அது வில்லை இல்ல ண்ணா. அது என் ஷெட்டு.”

பெரியப்பா டீயை ஊதிக் குடித்தார். அப்பா சூளைக்குப் பின்பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார். வேலை செய்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை அழவில்லை. சூளைச் சுவரில் உள்ளே பார்க்க ஒரு துளை இருக்கும், அதில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளை வெளிச்சம் தவிர என்ன தெரியும்? நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது வேர்வையில் நனைந்திருந்தது.

சூளை ஆறுவதற்கு அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அந்த நேரத்தில் அத்தை சும்மா உட்காரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் இருந்த பழைய இரும்புக்கடைக்குப் போனார். குவியலைக் கிளறி, பீடிங்கும் மரப்பலகையும் ஒன்று விடாமல் எடுத்தார். கடைக்காரர் முணுமுணுத்தார். அவர் பேரப்பிள்ளைக்கு ஒரு ஜோடி நாய் பொம்மை கொண்டுவந்து தருவதாகச் சொன்னதும் சரி என்றார். அத்தை பட்டறை ஆளையே திரும்ப வரவழைத்து, பளபளப்பை எல்லாம் பிய்க்கச் சொல்லி, பழையதை மாட்டச் சொன்னார். நசுங்கின இடங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார்கள். கழுகைக் கழற்றியது நான். பெரியப்பா, “நல்லதுக்குக் காலமில்ல” என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

சூளை வாயைப் பிரித்த அன்று நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. ஃபியூஸ் கட்டைகள் நன்றாக வெந்திருந்தன. பெரியப்பாவின் மண் எம்பளங்கள் முத்து முத்தாக வெளியே வந்தன, ஒரு கீறல் இல்லை. அவை எல்லாம் சுண்டி, அசலை விடக் குட்டியாக இருந்தன. மண் வெந்தால் சுண்டும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கடைசியாக ஒரிஜினலை வைத்துச் சுட்ட மண்பெட்டி வந்தது. அடியில் கறுப்பாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு துளி நீலம். கோட்டையும் இல்லை, அலையும் இல்லை.

பெரியப்பா கட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வெள்ளைக்காரன் கலப்படப் பித்தளை போட்டிருக்கான்.”

அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை, வாய் பிளந்து நின்றேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. த்தூ! இந்த மனுஷனுக்குத்தான் நீங்கள் கை கூப்பினீர்கள்.

அவரே அதற்கு வழியும் சொன்னார். வெந்து வந்த குட்டி எம்பளம் ஒன்றை எடுத்து அத்தையிடம் நீட்டி, “இதுல நீலத்த அடிச்சி ஒட்டிவுடு பாப்பா. அவனுக்கு என்னா தெரியப்போவுது?” என்றார். அத்தை அதைக் கையில் வாங்கவே இல்லை. பிளாஸ்டர் அச்சை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அத்தை செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அச்சை வைத்து மண்ணில் ஒரு எம்பளம் எடுத்து, சுண்டுவதற்கு இடம் விட்டு, அதை ஓரமெல்லாம் வளர்த்துப் பெரிதாக்கி, கோட்டையையும் அலையையும் ஊசியால் புதிதாகச் செதுக்கினார். முதலில் வந்தது கோணல். அடுத்ததில் நீலம் கறுத்துப்போனது. அந்த மயில் கழுத்து நீலத்துக்காகச் சாயத்தை மாற்றி மாற்றிக் கலந்து, துண்டு ஓட்டில் தடவிச் சுட்டுப் பார்த்தார். கோட்டைக்கும் விளிம்புக்கும் பொம்மைக் கிரீடத்துக்குப் பூசுகிற வெள்ளிப்பூச்சு. சரியான அளவில், சரியான நீலத்தில் ஒன்று வந்தபோது, அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மடியில் துணியை விரித்து அதன்மேல் வைத்து, ஒரு ஆணியை எடுத்து, இடது மூலையில் டொக்கென்று ஒரு தட்டு.

நான் கத்திவிட்டேன். “ஐயோ அத்தை! ஏன் ஒடச்சீங்க?”

“சாட்சி வேணும்ல” என்றார் அத்தை. சில்லு பெயர்ந்த இடத்தில் பித்தளை தெரிவதுபோல் தொட்டும் தொடாமலும் ஒரு பொட்டு வைத்தார்.

“இது ஏமாத்து இல்லையா அத்தை?”

“ஆமாம். எரிச்சது அவரு, ஷெட்டு போவறது எனக்கு. இதுல நான் எந்த நியாயத்தடி பாக்கறது?”

ஆடி முடிகிற நேரத்தில் பாண்டிக்காரர் வந்தார். அதே வெள்ளை, அதே துணி உறை, கூட ஒரு உதவி ஆள், வாசலில் லாரி. கார் பழைய தூசியோடு நின்றது. அந்தத் தூசியும் நானும் அத்தையும் சல்லடையில் சலித்துத் தூவியது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார். பீடிங்கில் தட்டி நிமிர்த்தின இடத்தைப் பார்த்து, “இது என்ன, நசுங்கியிருக்குது? மாத்தினதா?” என்று சந்தேகமாக முகத்தைச் சுளித்தார். அது அசல் பீடிங், அந்தக் காரோடு வந்தது. நிபுணர்!

அப்புறம் எம்பளத்துக்கு வந்தார். குனிந்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். துணி உறை போட்ட விரலால் அந்தச் சில்லை மெல்லத் தடவினார். என் பக்கத்தில் அத்தை மூச்சு விடவில்லை.

“ஆஹா” என்றார் பாண்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டார். “இருக்குது. சாட்சி இருக்குது. இந்த நீலத்தப் பாருங்க. இதச் செஞ்ச கையெல்லாம் போயிடுச்சு. இன்னிக்கு உலகத்துல எவனும் இப்படிச் செய்ய முடியாது.”

அத்தை மூச்சை விட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதோடு அந்த ஆள் நிறுத்தியிருக்கலாம். பெரியப்பா பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க ஊர்லயும் சூளை வெச்சிருக்கீங்க, பொம்மை சுடுறீங்க. தப்பா நினைக்காதீங்க சார், நூறு வருஷம் தலைகீழா நின்னாலும் உங்க ஆளுங்களால இதுல ஒரு ஓரத்தக்கூட செய்ய முடியாது.”

பெரியப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். கழுத்து புடைத்தது. அத்தையும் பார்த்துவிட்டார். “ண்ணா, டீ போடச் சொல்லேன்” என்று அவசரமாகச் சொன்னார். பெரியம்மா உள்ளேயிருந்து, “தோ ஆவுது” என்றார். பிரயோஜனம் இல்லை.

“யாரு முடியாதுன்னது?” என்றார் பெரியப்பா. “அது நம்ம கம்பெனி சரக்கு சார். என் சூளையில வெந்தது. நானே செஞ்சேன்.”

நானே செஞ்சேன்! கவனித்தீர்களா? தங்கை பேர் அப்போதும் வாயில் வரவில்லை. பாண்டிக்காரர் ஏதோ தமாஷ் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பெரியப்பாவை இன்னும் ஏற்றிவிட்டது. பாண்டிக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கேட் தூணில் ஒட்டியிருந்த குட்டி எம்பளத்தைக் காட்டினார். “இது என்னா? இதுவும் உங்க வெள்ளைக்காரன் செஞ்சதா?”

பாண்டிக்காரர் சிரிப்பை நிறுத்தினார். திரும்பி வந்து, முதல் தடவையாக அந்தத் துணி உறையைக் கழற்றினார். கார் மூக்கில் நகத்தால் தட்டினார். டீ கிளாசைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. அவர் முகம் சட்டையைவிட வெளுத்துப்போனது. லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒரு நிமிஷம்” என்றார். “ஒரே ஒரு நிமிஷம் உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. இன்னும் ஒரு வாரத்துல ஆவணி பொறந்துடும். என் ஷெட்டு போச்சு.”

“ஊரைக் கேவலமாப் பேசறான், கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா? மானம் பெருசா, உன் ஷெட்டு பெருசா?” என்றார் பெரியப்பா. இதைத்தான் பிறகு கல்யாண வீடுகளில் அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் மிச்சக் கதை.

நாலு நாள் கழித்துப் பாண்டிக்காரர் திரும்பி வந்தார். உதவி ஆள் இல்லை, பூதக்கண்ணாடி இல்லை, கலர் சட்டை. பெரியப்பா கம்பெனிக்குப் போயிருந்தார். “உங்க அத்தையக் கூப்பிடும்மா” என்றார் என்னிடம். குரல் தேய்ந்திருந்தது. விஷயம் இதுதான்: முதல் தடவை பார்த்துவிட்டுப் போனதுமே தன் கார் நண்பர்கள் எல்லோரிடமும் பெருமை அடித்துவிட்டார், யாரும் தொடாத கார், அசல் எம்பளம், நான் கண்டுபிடித்தேன் என்று. அதோடு, சில்லைத் தடவி ஆஹா என்று கண்ணை மூடியதை அவர் உதவி ஆளும் பார்த்திருக்கிறான். ஃபியூஸ் கட்டை செய்கிறவர்களிடம் ஏமாந்தேன் என்று அவர்களிடம் போய் எப்படிச் சொல்வார்?

“அது ஒரிஜினல்தான்” என்றார் அத்தையிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் நல்லாப் பார்த்தேன். உங்க அண்ணன் ஏதோ வெளாட்டுக்குச் சொன்னாரு. சரிங்களா?”

அத்தை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை அவர் குடித்தார். பிறகு அத்தை முன்பு பேசினதற்கு மேல் ஒரு விலை சொன்னார். அவர் தலையாட்டினார்.

“உங்க அண்ணன் வாய்?”

“அத நான் பாத்துக்கறேன்” என்றார் அத்தை.

எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? சாயங்காலம் பெரியப்பா வந்ததும், அந்தக் கறுப்புக் கட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். “எம்பளத்தப் பத்தி இனிமே நீ ஒரு வார்த்த வெளிய பேசினா, இதத் தொழிற்பேட்டை டீக்கடையில கொண்டுபோயி வெப்பேன். பீங்கான் கலை நிபுணர் பித்தளையச் சூளையில வெச்சி வேவெச்சாருன்னு ஒவ்வொரு ஷெட்டுக்காரனுக்கும் காட்டுவேன்.” பெரியப்பா கட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவரை அடக்க வேறு எதனாலும் முடியாது. மானம் ஷெட்டைவிடப் பெரிசு அல்லவா!

ஆவணி பிறக்குமுன் ஷெட் அத்தைக்கு வந்தது. இன்றைக்கும் அங்கேதான் கண் எழுதுகிறார். நம் கம்பெனியோ எப்போதோ மூடியாகிவிட்டது. பெரியப்பா இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் கேட் தூணைப் பார்த்து, இது என்ன எம்பளம் என்று கேட்கும்போதெல்லாம் அவர் வாய் திறக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது. வாழ்க்கையில் தன் கம்பெனிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதை வெளியே சொல்ல முடியவில்லை. அதுவும் அவர் செய்தது இல்லை. எனக்குப் பாவமாக இல்லை.

நேற்று உங்கள் கூத்து எல்லாம் முடிந்த பிறகு அத்தைக்குப் போன் செய்தேன். “படத்தப் பாத்தீங்களா அத்தை? பெரியப்பா ரசனையாம், ஒரிஜினலாம். எனக்கு வயிறு எரியுது. நான் எல்லாத்தையும் எழுதிப் போடப்போறேன்.”

“போடு போடு. கார் கைமாறி எங்கியோ போயிடுச்சு, அவருக்கும் வயசாயிடுச்சு, இனிமே என்னா” என்றார் அத்தை. பின்னால் சூளை இரைகிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடிக்கூடு திறக்கிற சத்தம். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“நீலம் அப்படியே நிக்குதுடி” என்றார். “அந்தச் சில்லத்தான் கொஞ்சம் பெருசாத் தட்டிட்டேன்.”